வெஸ்டர்ன் ரோட் பாய்ஸின் பதினான்கு பாட்டுகள்

மிரி, சரவாக்
19.2.1989

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் நால்வரும் சுகமாக இருக்கிறோம். அத்தானின் ரத்த அழுத்தம் இறங்கியதா? உப்பைக் குறைக்கிறாரா, இல்லை உங்களிடம் சண்டை பிடிக்கிறாரா? பிள்ளைகள் பெரியம்மாவைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னார்கள்.

அக்கா, ஒரு செய்தி. என் வீட்டுக்காரர் வேலை செய்யும் பள்ளிக்கூடத்தில் காமாரியா என்று ஒரு டீச்சர் இருக்கிறார், பினாங்குக்காரர், அந்தக் காலத்தில் எங்கள் பாட்டைக் கேட்டவர். சீனப் பெருநாள் விடுமுறைக்கு ஊருக்குப் போய்வந்தவர், நேற்று எங்கள் வீட்டு வாசலில் நின்றுகொண்டு, “ஏங்க, உங்க பழைய பேண்டு கேசட்டு போட்டிருக்காங்களே, தெரியாதா? பினாங் ரோட்டுல அடுக்கி வச்சிருக்கான் லா” என்றார். வெஸ்டர்ன் ரோட் பாய்ஸ் என்று ஒன்று இருந்ததே எனக்கும் உங்களுக்கும் மட்டும்தான் தெரியும் என்பதுபோல இத்தனை வருடம் இருந்துவிட்டேன்.

பிள்ளைகளிடம் விவரம் சொல்ல வேண்டியதாயிற்று. வெஸ்டர்ன் ரோட்டில் சிக்கந்தர் வீட்டுக் கார் கொட்டகையில் ஒத்திகை, பாடுவது கண்ட்ரி அண்ட் வெஸ்டர்ன், அதனால் அந்தப் பெயர் என்றேன். நான்கு பையன்கள், ஒரு பெண் என்றேன். “பாய்ஸ்னா நீங்க யாரு?” என்று சின்னவள் கேட்டாள். நம் அப்பாவும் அதையேதான் கேட்டுச் சிரிப்பார்.

கிரேட்டஸ்ட் ஹிட்ஸ் என்று போட்டிருக்கிறதாம். மொத்தம் பதினான்கு பாட்டு என்றும் அட்டையிலேயே இருக்கிறதாம். காமாரியா பஸ் பிடிக்கிற அவசரத்தில் கையில் எடுத்துப் பார்க்கவில்லை. அட்டையில் தொப்பி போட்ட யாரோ இருந்ததாக மட்டும் ஞாபகம். இங்கே அது விற்பனைக்கு வராது. நீங்கள் ஒருமுறை கடைக்குப் போய், போட்டுக் காட்டச் சொல்லிக் கேட்டு எழுதுங்கள். வாங்கலாமா, வேண்டாமா? எனக்குப் பிறகு வந்த சிங்கப்பூர்ப் பெண்ணின் பாட்டாகவே இருந்தால் வேண்டாம்.

உங்கள் பதிலைப் பார்த்துக்கொண்டிருக்கும்
தங்கை அருந்ததி


ஜாலான் பேராக், ஜார்ஜ் டவுன்
14.3.1989

அன்புள்ள தங்கை அருந்ததிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. இறைவன் அருளால் இங்கே பெரிய குறை ஒன்றுமில்லை. அத்தானுக்கு மாத்திரையை மாற்றியிருக்கிறார்கள். எனக்கு முழங்கால்தான் படி ஏறும்போது சொல்லிக் காட்டுகிறது. உன் கணவர் அரசு தம்பியையும் பிள்ளைகளையும் கேட்டதாகச் சொல்.

சிவராத்திரிக்குக் கோயிலில் நல்ல கூட்டம். கெம்போங் மீன் விலை கேட்டால் நீ நம்பமாட்டாய். புக்கிட் மெர்தாஜாமில் அத்தானுடைய அக்கா மகளுக்குச் சம்பந்தம் பேசுகிறார்கள், அதற்காக இரண்டு தடவை அக்கரைக்குப் போய்வந்தேன். அந்த அலைச்சலில் கேசட் கடைப் பக்கம் போக முடியவில்லை. அந்தக் காலத்துப் பாட்டை எல்லாம் இப்போது யார் கேட்கிறார்கள் என்று தெரியவில்லை. கடைக்காரர்கள் பழையதைத் தூசி தட்டி விற்கிறார்கள், அவ்வளவுதான். முடிந்தால் பார்க்கிறேன்.

மழைக்காலத்தில் பிள்ளைகளைக் கவனமாகப் பார்த்துக்கொள்.

அன்புடன் அக்கா
கனகேஸ்வரி


மிரி
28.3.1989

அன்புள்ள அக்காவுக்கு,

உங்கள் கடிதத்தில் மீன் விலை, சம்பந்தம், மாத்திரை எல்லாம் இருந்தது. நான் கேட்டது மட்டும் இல்லை! முழங்காலுக்கு நல்லெண்ணெய் தடவுங்கள். இங்கே எல்லாரும் நலம்.

நான் ஏன் இதைப் பிடித்துக்கொண்டு தொங்குகிறேன் என்று நினைப்பீர்கள். சொல்லிவிடுகிறேன். எழுபத்தேழில் நான் தாசேக் கெலுகோரில் தற்காலிக டீச்சராக இருந்தபோது, சனிக்கிழமை பினாங்குக்கு வந்து பேப்பரைப் பிரித்தால், வெஸ்டர்ன் ரோட் பாய்ஸ் இரண்டாவது எல்.பி. இசைத்தட்டைப் பதிவு செய்யச் சிங்கப்பூர் போய்விட்டார்கள், பாடுவது வேறொரு பெண் என்று போட்டிருந்தது. எனக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லை. சிக்கந்தர் வீட்டுக்கு நடந்தே போனேன். அவர் அம்மா கதவைப் பாதி திறந்து, “அவங்க போயிட்டாங்கம்மா” என்றார். அவ்வளவுதான். அந்த அம்மா முகத்தில் ஒரு சங்கடம் இருந்தது. நான் பாடியது போதவில்லை என்று வீட்டில் பேசியிருப்பார்கள், அதை என் முகத்துக்கு நேரே சொல்லக் கூசுகிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

அதற்குப் பிறகு நான் பாடவில்லை என்பது உங்களுக்குத் தெரியும். தாலாட்டுக்கூட வாய்க்குள்தான். இவர் கேட்டுக் கேட்டு விட்டுவிட்டார்.

ஆகவே கேசட் நன்றாக இருக்கிறதா என்பது மட்டும் இல்லை, அக்கா. அந்தப் பதினான்கில் நான் எத்தனை இருக்கிறேன், கேட்கும்படி இருக்கிறேனா என்று எழுதுங்கள். நீங்கள் எனக்காக இனிப்புத் தடவ மாட்டீர்கள் என்றுதான் உங்களிடம் கேட்கிறேன்.

தங்கை
அருந்ததி


ஜார்ஜ் டவுன்
30.4.1989

அன்புள்ள அருந்ததிக்கு,

சுகம். உங்கள் சுகத்தை ஆண்டவன் காக்கட்டும். பதில் தாமதமானதற்கு மன்னிக்கவும். அத்தானை இரண்டு நாள் ஆஸ்பத்திரியில் வைத்திருந்தார்கள், இப்போது வீட்டில் இருக்கிறார்.

சௌரஸ்தா மார்க்கெட் பக்கம் ஷேக் அலாவுதீன் கடையில் அந்தக் கேசட் இருந்தது. போட்டுக் காட்டினார். உன்னிடம் உள்ளதைச் சொல்கிறேன். ஒலி தெளிவாக இல்லை, பழைய இசைத்தட்டிலிருந்து எடுத்திருக்கிறார்கள் போலும், மழை பெய்கிறமாதிரி ஓர் இரைச்சல். அந்த இழுத்து இழுத்து வாசிக்கும் கிடார் தலைவலியைத்தான் தருகிறது. உன் பாட்டு இரண்டோ மூன்றோ இருக்கிறது. உன் குரல் அப்போது சின்னப் பிள்ளைக் குரல். குறை சொல்வதற்கில்லை, ஆனால் இத்தனை காலம் கழித்துக் கேட்க என்ன இருக்கிறது?

வாங்குவதற்குத் தகுந்ததாக எனக்குத் தோன்றவில்லை. பழைய சங்கதியைக் கிளறி மனத்தை வருத்திக்கொள்ளாதே. உனக்கு நல்ல கணவர், இரண்டு பிள்ளைகள். அது போதும்.

அன்புடன்
கனகேஸ்வரி


ஜார்ஜ் டவுன்
30.4.1989

மதிப்புக்குரிய திரு. சிக்கந்தர் அவர்களுக்கு,

வணக்கம். நீங்களும் உங்கள் மனைவி ஹபீபா பீவியும் குடும்பத்தாரும் நலமென்று நம்புகிறேன். நான் வெஸ்டர்ன் ரோட் பாய்ஸில் பாடிய அருந்ததியின் அக்கா. உங்கள் முகவரியை ஷேக் அலாவுதீன் தந்தார்.

நீங்கள் வெளியிட்ட கேசட்டின் உள்ளே இருக்கும் தாளில் உங்கள் பெயரில் ஒரு குறிப்பு இருக்கிறது. ‘எங்கள் பாடகி அருந்ததி, தாம் மேடையில் நின்றதற்கு வெட்கப்படுவதாகவும் இனித் தம்மைத் தேட வேண்டாம் என்றும் 1977-இல் கடிதம் எழுதிவிட்டு விலகிக்கொண்டார். அவர் விருப்பத்தை மதித்து நாங்கள் தேடவில்லை’ என்ற பொருளில் ஆங்கிலத்தில் அச்சிட்டிருக்கிறீர்கள். என் தங்கை இப்போது ஓர் ஆசிரியரின் மனைவி. பலரும் பார்க்கும் இடத்தில் இது இருப்பது அவருக்குச் சங்கடம் தரும். அடுத்த முறை அச்சிடும்போது அந்தப் பகுதியை நீக்கிவிடும்படி கேட்டுக்கொள்கிறேன். இது குறித்து அருந்ததிக்கு எழுத வேண்டாம், அவர் உடல்நிலை சரியில்லை.

இப்படிக்கு
திருமதி கனகேஸ்வரி கதிர்காமநாதன்


டத்தோ கிராமட், பினாங்கு
9.5.1989

அன்புள்ள கனகேஸ்வரி அக்காவுக்கு,

இறைவன் கிருபையால் நாங்கள் நலம். நோன்பும் பெருநாளும் நல்லபடியாக முடிந்தன. அருந்ததிக்கு உடம்பு முடியவில்லை என்று படித்துக் கவலையாக இருக்கிறது. ஹபீபாவும் விசாரித்தார்.

அக்கா, அந்தக் குறிப்பை நான் மரியாதையோடுதான் எழுதினேன். பதினான்கு பாட்டில் ஒன்பது அருந்ததி பாடியவை. அட்டைப்படமும் அவர்தான். அவரைப் பற்றி ஒரு வரி எழுதாமல் விட எனக்கு மனம் வரவில்லை. சிங்கப்பூர் கம்பெனிக்காரன் கேட்டது அந்தக் குரலைத்தான். அவர் வரமாட்டார் என்றதும் அவனுக்குப் பாதி ஆர்வம் போய்விட்டது. நாங்கள் வேறு பெண்ணை வைத்துச் செய்த இரண்டாவது எல்.பி.யை யாரும் வாங்கவில்லை. அது வேறு கதை.

நீங்கள் சொன்னபடி நீக்க எனக்குத் தடையில்லை. ஆனால் அருந்ததியே எனக்கு ஒரு வரி எழுதட்டும். தவறாக நினைக்காதீர்கள். அன்றைக்கு டைப் செய்து வந்த அந்தக் கடிதத்தைப் படித்துவிட்டு, நேரே தாசேக் கெலுகோருக்குப் போய் அவர் வாயால் ஒரு வார்த்தை கேட்டிருக்க வேண்டும். எனக்கு ரோஷம் வந்துவிட்டது, போகவில்லை. பன்னிரண்டு வருடமாக அது உறுத்துகிறது. இன்னொரு முறை அவர் விஷயத்தில் இன்னொருவர் சொல்லை வைத்து நான் எதையும் செய்யமாட்டேன்.

டிசம்பரில் பழைய ஆட்கள் சேர்ந்து ஒரு ராத்திரி வாசிக்கலாம் என்று இருக்கிறோம். டிரம்ஸ் வாசிக்கும் ஆ லியோங்குக்கு இப்போது தொப்பை, கைமட்டும் அப்படியே இருக்கிறது. அருந்ததி உடல் தேறினால் சொல்லுங்கள்.

தங்கள் அன்புத் தம்பி
சிக்கந்தர்


மிரி
22.5.1989

அன்புள்ள அக்காவுக்கு,

அத்தான் ஆஸ்பத்திரியில் இருந்தார் என்று படித்துப் பதறிப்போனேன். இப்போது எப்படி இருக்கிறார்? அந்த அலைச்சலுக்கு நடுவே என் கேசட்டுக்காக உங்களைக் கடைக்கு அனுப்பியிருக்கிறேன். மன்னித்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் எழுதியது சரிதான். எனக்கும் உள்ளே தெரிந்ததுதான். ஒருவர் சொல்லிக் கேட்டதும் மனம் ஒரு வழியாக அடங்கிவிட்டது. கேசட் வேண்டாம்.

போன வாரம் ஆசிரியர் தினம். காமாரியா போய் எல்லாரிடமும் சொல்லிவிட்டதால் ஹெட்மாஸ்டரே வீட்டுக்கு வந்து, “ஒரே ஒரு பாட்டு” என்று கேட்டார். உங்கள் கடிதம் வருவதற்கு முந்தின வாரம் சரி என்று சொல்லியிருந்தேன். கதவைச் சாத்திக்கொண்டு இரண்டு நாள் பாடிக்கூடப் பார்த்தேன், தெரியுமா? கடிதம் வந்த பிறகு, தொண்டை சரியில்லை என்று சொல்லி அனுப்பிவிட்டேன். மண்டபத்தில் எல்லாருக்கும் முன்னால் இவருக்குத் தலைகுனிவு வராமல் போயிற்றே, அதற்கு உங்களுக்குத்தான் நன்றி சொல்ல வேண்டும். பெரியவள் மட்டும் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. “நல்லாத்தானே பாடினீங்க” என்றாள். பத்து வயதுப் பிள்ளைக்கு என்ன தெரியும்?

முழங்காலைக் கவனியுங்கள். அத்தான் நலத்துக்கு இங்கே கோயிலில் அர்ச்சனை செய்தோம்.

தங்கை
அருந்ததி


ஜார்ஜ் டவுன்
11.6.1989

அருந்ததிக்கு,

அத்தான் நலம். இதோடு ஒரு கேசட் வருகிறது. முதலில் இந்தக் கடிதத்தைப் படித்துவிடு, பிறகு அதைத் திற.

உன் கடிதம் வந்து பன்னிரண்டு நாள் ஆகிறது. நீ எனக்கு நன்றி எழுதியிருக்கிறாய். அந்த வரியைப் படித்ததிலிருந்து என்னால் சரியாகச் சாப்பிட முடியவில்லை.

ஷேக் அலாவுதீன் கடையில் நடந்ததை நான் மாற்றி எழுதினேன். நான் உள்ளே போனதுமே அவர், “அக்கா, அட்டையில இருக்கிறது உங்க தங்கச்சிதானே? என்னா குரலு லா! காலையிலேர்ந்து நாலு பேரு கேட்டு வாங்கிட்டுப் போயிட்டாங்க” என்றார். போட்டுக் காட்டினார். ஒலி கண்ணாடிமாதிரி இருந்தது. பட்டர்வொர்த் மழையைப் பற்றி நீ பாடுவாயே, அது ஓடும்போது சாமான் வாங்க வந்தவர்கள் இரண்டு பேர் நின்று கேட்டார்கள். நான் அழுதுவிட்டேன். அவர் ஸ்டூலை எடுத்துப் போட்டார். ஒன்பது பாட்டு உன்னுடையது. அன்றைக்கே ஒன்று வாங்கி என் அலமாரியில் துணிக்கு அடியில் வைத்தேன். அதைத்தான் அனுப்புகிறேன்.

உள்ளே ஒரு தாள் இருக்கிறது. நீ வெட்கப்பட்டு விலகியதாக சிக்கந்தர் எழுதியிருப்பார். அவர் பொய் சொல்லவில்லை. அப்படி ஒரு கடிதம் அவருக்குப் போனது. அதை எழுதியவள் நான்.

நீ தாசேக் கெலுகோரில் இருந்த வாரம் அவருடைய கடிதம் உன் பெயருக்கு வந்தது. சிங்கப்பூரில் இரண்டாவது எல்.பி., ஆறு வாரம், பத்து நாளுக்குள் பதில் வேண்டும் என்று. பிரித்துப் படித்தேன். அடுத்த ஞாயிறு அத்தானின் அம்மா என்னைப் பெண் பார்க்க வருவதாக இருந்தது. எனக்கு இருபத்தெட்டு வயது. அதற்கு முன் இரண்டு இடம் வந்து நின்றுபோயிருந்தது. தரகர் நல்லம்மா, “தங்கச்சிய கொஞ்ச நாளைக்கு மேடையில ஏத்தாதீங்க, மாப்பிள்ளை வீட்டுக்காரங்க ஒரு மாதிரி ஆளுங்க” என்று சொல்லியிருந்தார். நான் ஆபீஸில் மத்தியானம் எல்லாரும் சாப்பிடப் போன நேரத்தில் டைப் அடித்தேன். உன் கையெழுத்தைப் பழைய நோட்டுப் புத்தகத்தைப் பார்த்துப் போட்டேன். அப்பாவுக்கு மனக்கஷ்டம், வீட்டுக்கு வராதீர்கள் என்றும் சேர்த்தேன். அப்பாவுக்கு ஒன்றும் தெரியாது.

ஒரு வருடம் போனதும் சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். பிறகு உன் கல்யாணம் வந்தது. பிறகு நீ மிரிக்குப் போனாய். தூரமானதும் சொல்லாமல் இருப்பது சுலபமாகிவிட்டது.

இந்தத் தாளை நீ பார்த்துவிடுவாய் என்ற பயத்தில்தான் கேசட் நன்றாக இல்லை என்று எழுதினேன். உனக்கு நோய் என்று சிக்கந்தருக்கும் ஒரு பொய் எழுதினேன். இன்று அவருக்கும் உண்மையை எழுதிவிட்டேன். அத்தானிடம் இனிமேல்தான் சொல்லப்போகிறேன்.

மன்னிப்புக் கேட்க எனக்கு வாய் இல்லை.

கனகேஸ்வரி


மிரி
2.10.1989

அக்கா,

பார்சல் ஜூன் 24-ஆம் தேதி வந்தது. மூன்று மாதமாக உங்களுக்கு எழுதி எழுதிக் கிழிக்கிறேன். இதையும் கிழிப்பதற்கு முன் தபாலில் போட்டுவிட வேண்டும்.

நீங்கள் சொன்னபடி கடிதத்தை முதலில் படித்தேன். படித்துவிட்டுக் கேசட்டைக் குப்பையில் போடப் போனேன். இவர்தான் கையிலிருந்து வாங்கி வைத்தார். ஒரு வாரம் கழித்து, பிள்ளைகள் பள்ளிக்கூடம் போனபிறகு, தனியாகப் போட்டுக் கேட்டேன்.

அந்தப் பெண் நன்றாகப் பாடுகிறாள், அக்கா. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. சுமாராகப் பாடியிருந்தால்கூட, போகட்டும், அக்கா செய்ததில் பெரிய நஷ்டம் ஒன்றுமில்லை என்று சொல்லியிருப்பேன். பன்னிரண்டு வருடம் அவளை நான் திட்டிக்கொண்டு இருந்திருக்கிறேன். பிள்ளைகள் தூங்கப் பாட்டுக் கேட்டால் எரிந்து விழுந்திருக்கிறேன்.

எழுபத்தேழில் உங்களுக்கு எவ்வளவு பயம் என்று எனக்குப் புரிகிறது. இரண்டு சம்பந்தம் தட்டிப்போனபோது நீங்கள் குசினியில் அடுப்புக்குப் பக்கத்தில் நின்று முகம் கழுவியதை நானும் பார்த்தவள்தான். ஆனால் ஒரு வார்த்தை என்னைக் கேட்டிருந்தால் நானே விட்டிருப்பேனே! “அருந்ததி, எனக்காக ஆறு மாதம் பாடாதே” என்று சொல்லியிருந்தால், சந்தோஷமாகச் சிங்கப்பூரை விட்டுவிட்டு உங்கள் கல்யாணத்தில் ஓடியாடி வேலை செய்திருப்பேன். நீங்கள் அதைக்கூட என்னிடமிருந்து எடுத்துவிட்டீர்கள். நான் கொடுத்ததாக இருந்திருக்க வேண்டியது, திருடு போனதாக ஆகிவிட்டது.

சரி, அது பயம். ஏப்ரல் மாதம் எழுதினீர்களே, அது என்ன? அப்போது உங்களுக்கு நாற்பது வயது. நான் கேட்டது என்னவென்று முழுக்கத் தெரிந்துதான் எழுதினீர்கள். முதலாவதை எப்போதாவது மன்னித்துவிடுவேன். இரண்டாவதை எப்படி என்று இன்னும் தெரியவில்லை.

சிக்கந்தரும் நானும் இப்போது எழுதிக்கொள்கிறோம். அவர் முதல் கடிதத்தில் நான்கு தடவை மன்னிப்புக் கேட்டிருந்தார், அவர் செய்யாத தப்புக்கு. டிசம்பர் 16-ஆம் தேதி நிகழ்ச்சியில் நான் பாடுகிறேன். தினமும் பயிற்சி செய்கிறேன். மேலே போகும்போது குரல் பிசிறுகிறது, பழையபடி வராது, பரவாயில்லை. நாங்கள் ஹபீபா பீவி வீட்டில் தங்குகிறோம். ஜாலான் பேராக்கில் உங்கள் வீட்டுக்கு வரமாட்டேன்.

நீங்கள் வந்து கேட்பதானால் கேளுங்கள், யாரும் தடுக்கப்போவதில்லை. முடிந்ததும் என்னைப் பார்க்கப் பின்னால் வர வேண்டாம். உங்களோடு பேச எனக்கு இன்னும் முடியாது.

அத்தானுக்கு என் வணக்கம்.

அருந்ததி


ஜார்ஜ் டவுன்
20.12.1989

அன்புள்ள அருந்ததிக்கு,

நீங்கள் எல்லாரும் மிரிக்குப் பத்திரமாகப் போய்ச் சேர்ந்திருப்பீர்கள். இதற்கு நீ பதில் எழுத வேண்டும் என்று எதிர்பார்க்கவில்லை. நான் வந்தேன் என்பதையாவது உன்னிடம் மறைக்காமல் இருக்க வேண்டும் என்று எழுதுகிறேன்.

அத்தானும் வந்தார். ஜூன் மாதம் அவரிடம் எல்லாவற்றையும் சொன்னபோது, “எங்கம்மா ஏதாச்சும் சொல்லியிருந்தா நான் பார்த்திருப்பேனே. பட்டர்வொர்த்துல அந்தப் பிள்ள பாடுறத ரெண்டு தடவ போய்க் கேட்டவன் நான்” என்றார். கல்யாணத்துக்கு முன்பே. எனக்கு அது தெரியாது. பெண் பார்க்க வந்தபோதே, பாடும் பெண்ணின் அக்கா என்று தெரிந்துதான் சம்மதித்திருக்கிறார். நான் பயந்த காரணம் என்று ஒன்று இருக்கவே இல்லை. உனக்கு இதைச் சொல்லாமல் விட்டால் இன்னொன்றை மறைத்தவள் ஆவேன்.

மண்டபத்தில் கடைசி வரிசையில், தூணுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தோம். நீ நீலச் சேலையில் வந்து நின்றாய். தொப்பி இல்லை. இரண்டாவது பாட்டில் ஓர் இடத்தில் வரி மறந்து நின்றாய், சிக்கந்தர் கிடாரில் அதே இடத்தைச் சுற்றிச் சுற்றி வாசித்து உனக்கு நேரம் கொடுத்தார், நீ சிரித்தாய், ஜனங்கள் கைதட்டினார்கள். நானாக இருந்தால் அந்த இடத்திலேயே செத்திருப்பேன். நீ சிரித்துவிட்டு மறுபடி எடுத்தாயே. அந்தச் சிரிப்பை நான் எத்தனை வருடம் பார்க்கவில்லை என்று எண்ணிப் பார்த்தேன். குரல் முன்போல இல்லைதான். கனத்திருக்கிறது. எனக்கு இதுதான் பிடித்தது. இந்த முறை உள்ளதை உள்ளபடி எழுதுகிறேன்.

என் பக்கத்தில் ஓர் அம்மா உட்கார்ந்திருந்தார். புக்கிட் தெங்காவில் பேக்டரியில் வேலை, பெயர் குணவதி என்றார். மழைப் பாட்டு முடிந்ததும் கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னைத் திரும்பிப் பார்த்தார்.

“என்னமா பாடுறாங்க! யாருக்கா இவங்க, உங்களுக்குத் தெரியுமா?”

என் தங்கை என்று வாய்வரைக்கும் வந்தது. அப்படிச் சொல்ல எனக்கு இன்னும் பாத்தியதை இருக்கிறதா என்று தெரியவில்லை. “தெரியும்” என்றேன். அவ்வளவுதான் சொன்னேன். அத்தான் என்னைப் பார்த்தார்.

நீ சொன்னபடி பின்னால் வரவில்லை. விளக்குப் போடுவதற்கு முன்பே எழுந்து வந்துவிட்டோம்.

பிள்ளைகளுக்கு என் ஆசிகள். அரசு தம்பியைக் கேட்டதாகச் சொல்.

கனகேஸ்வரி


மிரி
21.1.1990

அக்காவுக்கு,

நாங்கள் சுகம். பொங்கல் இங்கே சுருக்கமாக நடந்தது.

உங்களை நான் பார்த்தேன். தூண் பாதியைத்தான் மறைத்தது. வரி மறந்தது அதனால்தான்.

என் கோபம் போகவில்லை. உறையின்மேல் உங்கள் எழுத்தைப் பார்த்துவிட்டு, உங்கள் கடிதத்தை நான்கு நாள் பிரிக்காமல் வைத்திருந்தேன். அடுத்தது எப்போது எழுதுவேன் என்று எனக்குத் தெரியாது. நீங்கள் எழுதுங்கள், படிக்கிறேன்.

ஒன்று மட்டும். இனி யாராவது அப்படிக் கேட்டால் தங்கை என்றே சொல்லுங்கள். அதைச் சொல்ல நீங்கள் என்னிடம் அனுமதி வாங்க வேண்டியதில்லை. ஒளித்து ஒளித்துத்தான் நமக்கு இவ்வளவும் வந்தது.

அருந்ததி